வெற்றிலை வைத்துக் கேட்ட இரண்டு கேள்விகள்

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே ஊருக்கெல்லாம் கல்யாணத்தைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். எழுதும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் வயிறு எரிகிறது. எழுபதுகளின் பின்பாதியில் ஜவ்வாது மலையில் ஒரு சின்ன மாதா கோயிலுக்கு உபதேசியாராக இருந்தேன். ஓட்டுக் கூரை, பாதி எழும்பிய சுற்றுச்சுவர், பத்துப் பதினொரு குடும்பம். சாமியார் கீழே இருந்தார். மாதத்துக்கு இரண்டு முறை ஜீப்பில் மேலே வந்து பூசை வைத்துவிட்டு இறங்கிவிடுவார். மற்ற நாளெல்லாம் அங்கே நான்தான் பெரிய இவன்.

மந்திரங்கள் சொல்லிக் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவது, ஞானஸ்நானத்துக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களைத் தயார் செய்வது, இதெல்லாம் என் வேலை. மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, சுருட்டிய படங்கள் ஒரு கட்டும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்பா அம்மா பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்திருக்கும் படம், தாய் வயிற்றில் குழந்தை சுருண்டு கிடக்கும் படம். கோலால் தட்டித் தட்டி விளக்குவேன். கல்யாணம் சாகும்வரை. பிள்ளை கடவுள் கொடுப்பது. வயிற்றில் உண்டான நிமிடத்திலிருந்தே அது ஓர் உயிர், அதற்கும் ஆத்துமா உண்டு. இவற்றை அன்று எப்படி நம்பினேனோ அப்படியே இன்றும் நம்புகிறேன். பாடத்தில் எனக்கு வெட்கம் இல்லை. நடத்திய ஆளை நினைத்தால்தான் கூசுகிறது.

அவள் மலைக்காரப் பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். சுற்றுச்சுவர் வேலைக்குச் சித்தாளாக வந்தாள். கொத்தனார் சந்தவாசலிலிருந்து வந்தவர், எங்கள் சபைக்காரர். மனைவி பிரசவத்திலேயே போய்விட்டதால், நான்கு வயதுப் பெண் குழந்தையைக் கூடவே தூக்கிக்கொண்டு வேலைக்கு வருவார். மூன்றாம் நாளே அந்தக் குழந்தை இவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தலையில் சாந்துச் சட்டி, இடுப்பில் குழந்தை, சாரத்துக்கும் குவியலுக்கும் நடையாய் நடப்பாள். "இறக்கி வுடேன்மா" என்று கொத்தனார் கத்துவார். "அது எங்கங்க இறங்குது?" என்று சிரிப்பாள்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் என் பாடத்துக்கு வந்து உட்காருவாள். யாரும் கூப்பிடவில்லை, அவளாக வந்தாள். எழுத்து தெரியாது. ஆனால் பத்து வருடமாகக் கோயிலுக்கு வருகிறவர்கள் பாதியில் முழி பிதுங்கும் விசுவாச மந்திரத்தை ஒன்பதே நாளில் தட்டாமல் சொன்னாள். ஒரு வருடம் போனது. ஒரு நாள் கொத்தனாரும் அவளும் சேர்ந்து வந்து என் முன்னால் நின்றார்கள். அவளுக்கு ஞானஸ்நானம் வேண்டும், பிறகு இருவருக்கும் கோயிலில் கல்யாணம் வேண்டும். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஒரு தடை இருந்தது. பதினைந்து வயதில் அவளை இரண்டு மலை தாண்டி ஓர் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் அடிப்பவன். இன்னொருத்தியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்ததும் இவள் தகப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பரிசமாக வாங்கிய சாமை மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னிலையில் தீர்த்துவிட்டார்கள். மலை வழக்கப்படி அதோடு கதை முடிந்தது. ஆனால் எங்கள் சபையின் பார்வையில் வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேராதவர்கள் செய்துகொண்ட கல்யாணமும் கல்யாணம்தான். ஊர் கூடித் தீர்த்தால் தீராது. ஒரே ஒரு வழி உண்டு. ஒருவர் வேதத்துக்கு வந்து, மற்றவர் வர மறுத்து, நிம்மதியாகச் சேர்ந்து வாழவும் மறுத்தால், வந்தவருக்கு விடுதலை. அதற்காக அந்த மற்றவரிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். மேற்றிராணியாரான பிஷப்பிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சாமியார் அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார்.

"ரெண்டே கேள்வி. நீ ஞானஸ்நானம் வாங்க இஷ்டமா? இல்லன்னா, அவ வேதத்துக்கு இடைஞ்சல் பண்ணாம சமாதானமா அவளோட குடும்பம் நடத்த இஷ்டமா? ரெண்டுக்கும் இல்லம்பான். அத எழுதி ரெண்டு சாட்சியோட கைநாட்டு வாங்கிட்டு வா. நீயா எதுவும் பேசாத" என்றார். கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன சின்னப் பையனா?

கேள்விகளில் ஒரு குற்றமும் இல்லை. அவளை விடுவிக்கத்தான் அவை இருந்தன. நான்தான் புத்தி கெட்டுப்போய் வெற்றிலை பாக்கு வாங்கினேன். மலைக்குக் கீழே போளூர்ப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். நல்ல காரியம் பேசப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நினைப்பு. சாட்சியாக வந்த மலைக்காரர் ஒருவர், புளி உலுக்கப் போகிறவர், தாம்பாளத்தைப் பார்த்ததும் தயங்கினார்.

"வெத்தல எதுக்குங்க? சும்மா போய் கேட்டுட்டு வந்துடலாம்."

"மரியாத தெரியாதவன்னு நெனச்சியா என்னை?" என்றேன்.

அவன் வீட்டு வாசலில் தாம்பாளத்தை வைத்தேன். அவன் ஊர்க்கவுண்டரும் வந்து உட்கார்ந்தார். அவன் கொண்டுவந்த இன்னொருத்தி போய்விட்டிருந்தாள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது: அடுப்பு எரியவில்லை, வாசல் பெருக்கவில்லை. வீட்டை ஒட்டிச் சாமைக் கொல்லையில் பயிருக்கு மேல் புல் நின்றது. முதல் கேள்வியைக் கேட்டேன். "வேதமா? அத்த அப்புறம் பாக்கலாம்" என்றான். இரண்டாவதைக் கேட்டேன். அவன் கொல்லையைப் பார்த்தான், தாம்பாளத்தைப் பார்த்தான்.

"வரட்டும். நான் இன்னா வாணாம்னா சொன்னேன்? அவ சாமிய அவ கும்புட்டுக்கட்டும்."

சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டான். ஊர்க்கவுண்டருக்கும் ஒன்று கொடுத்தான்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்டேனாம்! திரும்பும் வழியெல்லாம் சாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். பாதி வழியில் அந்தப் புளிக்காரர் பொறுக்க முடியாமல் சொன்னார், "உபதேசியாரே, அவன் பொண்டாட்டிய கேக்கல. களை புடுங்க ஆளு கேக்கறான்."

"வாய மூடுய்யா. ஒரு குடும்பம் சேருது, உனக்கு வயித்தெரிச்சலா?" என்றேன். அவர் சொன்னது உண்மை என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

சாமியார் என்னைப் போல் குதிக்கவில்லை. "மனசாரச் சொன்னானா?" என்றார். "மனசாரத்தான் சாமி" என்றேன். "அவசரப்படாத. அடுத்த தடவ வரும்போது நானே அவன பாத்துப் பேசறேன். அதுவரைக்கும் எதுவும் முடிவில்ல. அவகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் காலையிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். நாக்கு நிற்குமா? சாந்துச் சட்டியோடு நின்றவள் அதை இறக்கி வைத்தாள்.

"வெத்தல வச்சா கேட்டீங்க?"

"ஆமாம்மா. மரியாதையா கேட்டேன்."

"அத்த அவன் எடுத்துக்கினானா?"

"எடுத்துக்கிட்டான். சந்தோஷமா எடுத்துக்கிட்டான்."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, உபதேசியாரே! தீத்து வுட்ட பொண்ணுக்காக வெத்தல வச்சு கேட்டா, அந்தப் பொண்ணு திரும்பி வர்றேன்னு சொல்லி வுட்டதா அர்த்தங்க. இன்னா வேல பண்ணிட்டீங்க?"

அந்த இடத்திலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆண்டவருடைய சித்தம் இப்படித்தான் வரும், கல்யாணம் சாகும்வரை, பொறுத்துப் போகிற பெண்ணால்தான் குடும்பம் நிற்கும் என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். இருபத்துநாலு வயது, கல்யாணம் ஆகாதவன், அடி என்றால் என்னவென்று தெரியாதவன். குழந்தை வந்து அவள் மடியில் உட்கார்ந்தது.

ஒன்பதாம் நாள் அவர்கள் வந்தார்கள். அவனும் அவன் ஊர்க்கவுண்டரும் ஐந்தாறு ஆட்களும். எங்கள் ஊர்க்கவுண்டரையும் அவள் தகப்பனையும் அழைத்துக்கொண்டு நேராகக் கோயில் வாசலுக்கே வந்துவிட்டார்கள். வேலை நின்றது. பாடத்துக்கு வருகிற ஆட்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். அவள், "நான் யாரையும் அனுப்பலங்க" என்றாள். எங்கள் ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பினார்.

"வெத்தல நீங்க கொண்டாந்து வச்சீங்களா உபதேசியாரே?"

"ஆமாங்க."

"யாரு பேர்ல வச்சீங்க?"

கேள்வி அவ்வளவுதான். 'அவள் அனுப்பவில்லை, வழக்கம் தெரியாமல் நானாக வைத்தேன்' என்று சொன்னால் அந்த வெற்றிலை செல்லாது. அவள் தப்பிவிடுவாள். ஆனால் பெண்ணைச் சொல்லிப் பொய்யாக வெற்றிலை வைத்தவன் ஊர் நடுவே எல்லார் காலிலும் விழுந்து தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். அதுதான் மலைக் கட்டுப்பாடு. என்னிடம் மந்திரம் படிக்கிறவர்கள் முன்னால், மரியாதை தெரியாதவனா என்று நான் அதட்டிய அந்தப் புளிக்காரர் முன்னால், நான் மண்ணில் விழ வேண்டும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்தனார் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"பொண்ணு பேர்லதாங்க" என்றேன்.

அவள் அழவில்லை. தொட்டித் தண்ணீரில் கைச் சுண்ணாம்பைக் கழுவினாள். இடுப்பிலிருந்து இறங்க மாட்டேன் என்று வீறிட்ட குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதைக் கொத்தனாரிடம் கொடுத்தாள். பிறகு என்னிடம் வந்து, "ஞாயித்துக்கெழம பாடத்துக்கு வர முடியாதுங்க" என்றாள். லீவு கேட்கிற மாதிரி கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. செய்தேனா? தலையை ஆட்டினேன்.

அவர்கள் போன பிறகு கொத்தனார் என்னிடம், "ஒரே ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருக்கலாமே உபதேசியாரே" என்றார். அடுத்த முறை வந்த சாமியாரிடம், "போயிட்டா சாமி, அவளாத்தான் போனா" என்றேன். அவர் வெகுநேரம் என்னைப் பார்த்தார். அன்று பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு, கோபப்பட்டேன், ஜெபத்தில் பராக்குப் பார்த்தேன் என்று உருப்படியில்லாத பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த ஊர்ப் பக்கம் நான் போகவே இல்லை. செய்திதான் வரும். களை எடுத்தாச்சு, அறுப்பு முடிந்தது, அடி தொடங்கிவிட்டது என்று. அவன் ஒரு ஞாயிறு கூட அவளைக் கோயிலுக்கு விடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனசை ஆற்றிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தேன் பாருங்கள்: கொத்தனாருக்குப் பெண் பார்த்தேன். தாயில்லாப் பிள்ளை, எத்தனை நாள் இப்படி என்று அவரை அரித்தெடுத்துச் சம்மதிக்க வைத்து, போளூர்ப் பக்கத்திலிருந்து என் தூரத்து உறவிலேயே ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது என்று தையிலேயே அவசரப்படுத்தினேன். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மெய்விவாகம் நடக்கவிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லவும் என்று. வாசித்தது நான். மூன்று முறையும் வாசித்து நிமிரும்போது ஜனங்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

மாசி மாதம் அவள் வந்தாள். அவன் ஊர்க்கவுண்டரும் இன்னொருவரும் கூட வந்தார்கள். கவுண்டர் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். அவளுடைய இடது மணிக்கட்டு ஒடிந்து, கோணலாகக் கூடியிருந்தது.

"இவங்க எதிர்ல ரெண்டு கேள்வியும் நானே கேட்டேங்க" என்றாள். "ஞானஸ்நானம் வாங்கறியான்னேன். மாட்டேன்னுட்டான். என்ன கோயிலுக்கு வுட்டு சமாதானமா வாழுவியான்னேன். அதுக்கும் மாட்டேன்னுட்டான். எழுதிக்குங்க."

என்னிடம் கற்ற பாடத்தை எனக்கே ஒப்பித்தாள், ஒரு சொல் பிசகவில்லை. எழுதினேன். சாட்சிகளின் கைநாட்டு வாங்கினேன். இவ்வளவும் முடிகிறவரை சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இழுத்தடித்தேன். காகிதத்தை மடித்த பிறகு அவளே கேட்டாள், "அவரு இப்ப எங்கங்க வேல செய்யறாரு?"

"தையில அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சும்மா."

அவள் முகத்தில் ரத்தம் இல்லை. "யாரு முடிச்சு வச்சது?"

"நான்தான்."

"புள்ள?" என்றாள்.

"நல்லா இருக்கு. அவ நல்லாத்தான் பாத்துக்கறா."

"ஊட்டினாத்தாங்க சாப்புடும் அது. அவங்ககிட்ட சொல்லி வைங்க."

கூட வந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். அவள் போகவில்லை. நின்றவாறே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "வயித்துல நாலு மாசம் இருந்துச்சுங்க. ஒதச்சான். போய்டுச்சு. நீங்க படம் காட்டி சொன்னீங்களே, அதுக்கும் ஆத்துமா உண்டுன்னு. அதுக்கு இன்னா மந்திரம் சொல்லணும்? எனக்குத் தெரியலங்க. தெரிஞ்சதெல்லாம் சொல்லிப் பாத்தேன்."

ஐயோ, நான் என்ன சொல்வேன்! அந்த உயிர் போனதே என் வார்த்தையால்தான். என்னைக் காறித் துப்பியிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என்னை உபதேசியாராக நினைத்து இன்னமும் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சாமிய கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

சாமியார் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளையை ஆண்டவர் இரக்கத்துல ஒப்படைக்கச் சொல்லு. அவ ஞானஸ்நானப் பூசையில அதுக்காக ஒரு மன்றாட்டு எழுதி நீயே வாசி. சபை முழுக்க அதுக்காக ஜெபிக்கட்டும்" என்றார். அவளிடம் சொன்னபோது அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "எல்லாரும் அதுக்காக சொல்லுவாங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

ஆகஸ்ட் மாதம் மாதா திருநாளன்று காலையில் ஞானஸ்நானம். புதுச் சேலை கட்டி முதல் வரிசையில் நின்றாள். எல்லாக் கேள்விகளுக்கும் கணீரென்று பதில் சொன்னாள். தண்ணீர் ஊற்றியாயிற்று. மன்றாட்டு வாசிக்க நான் எழுந்தேன். ஐந்து மன்றாட்டு எழுதியிருந்தேன். திருச்சபைக்காக, நாட்டுக்காக, மழைக்காக. நான்காவது, தாயின் வயிற்றிலேயே அடிபட்டு இறந்த குழந்தைக்காக. ஐந்தாவது, எல்லாக் குடும்பங்களுக்காகவும்.

மூன்றை வாசித்து நிமிர்ந்தேன். மூன்றாம் வரிசையில் கொத்தனார், அவர் பக்கத்தில் என் உறவுக்காரப் பெண், நடுவில் அந்தக் குழந்தை. கதவோரம் வேடிக்கை பார்க்க வந்த எங்கள் ஊர்க்கவுண்டர். அந்தப் புளிக்காரர். இதை வாசித்தால் அடித்தவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும்; அவனிடம் அனுப்பியவன் யார் என்பதும் தெரியும். அவள் கைகூப்பி, கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் காத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் எழுத்து தெளிவாகத்தான் தெரிந்தது.

ஐந்தாவதை வாசித்தேன். எல்லாக் குடும்பங்களுக்காகவும். ஜனங்கள் பதில் சொன்னார்கள். நான் காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் என்னைத் தேடி வந்தாள். என் கால் தானாகவே பின்னால் நகர்ந்தது.

"அத்த வாசிக்கலயேங்க?"

"மறந்துட்டேம்மா" என்றேன். ஞானஸ்நானத் தண்ணீர் அவள் தலையில் இன்னும் காயவில்லை.

"பரவால்லங்க" என்றாள். "நீங்க நிறுத்தினீங்களே ஒரு நேரம், அப்ப நானே சொல்லிக்கினேன்."

சொல்லிவிட்டு, சித்தாள் வேலைக்குச் சந்தவாசலுக்கு இறங்குகிற கூட்டத்தோடு நடந்து போனாள்.